தொகையறா செல்லுமா செல்லாதா: பாட்டுக்குப் பாட்டு நடத்துன அனுபவம்

மூணு வருஷம் முன்னாடி எங்க அப்பார்ட்மென்ட் பொங்கல் விழாவுல நடந்தது இது. மேடைன்னு பெருசா ஒண்ணும் கிடையாது, பார்க்கிங்ல நாலு காரை எடுக்கச் சொல்லிட்டு ஷாமியானா போட்டு, டீமுக்கு நாலு பேர் வீதம் ஆறு டீம். வர்ற எழுத்துல ஆரம்பிக்கற சினிமா பாட்டைப் பாடணும், அதான் ஆட்டம். நான் மைக்கை வச்சுக்கிட்டு "க, குறில்"னு சொன்னேன். பி பிளாக்ல இருக்கற ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தர் ஒரு நொடி கூட யோசிக்கல, கண்ணை மூடிக்கிட்டு ஆரம்பிச்சுட்டார். அருமையா பாடினார். ஆனா அவர் பாடினது தொகையறா. பல்லவி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி தாளம் இல்லாம நீட்டி பாடுவாங்கல்ல, அது. அந்தப் பாட்டோட பல்லவி வேற எழுத்துல ஆரம்பிக்குது.

எதிர் டீம்ல இருந்து "செல்லாது சார், பல்லவிதான் கணக்கு"ன்னு ஒரு குரல். வாத்தியார் "ரெக்கார்டு போட்டா முதல்ல காதுல விழற வார்த்தை இதுதானே தம்பி"ன்னு கேட்டார். ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு, ரூல் வச்சிருக்க வேண்டியது நான், என்கிட்ட ரூல் இல்ல. நான் தடுமாற, ஆளாளுக்குப் பேச, பத்து நிமிஷம் போயிடுச்சு. கடைசில அவர் மைக்கை டேபிள்ல வச்சுட்டு "பரவால்ல, அவங்களுக்கே குடுங்க"ன்னு சொல்லிட்டு போய் பின்வரிசைல உக்காந்துட்டார். அப்புறம் கூப்பிட்டும் வரல. அந்த முகம் எனக்கு ரொம்ப நாள் மனசுல நின்னுச்சு.

அதுக்கப்புறம் நாலு தடவை நடத்திட்டேன், அப்பார்ட்மென்ட்ல ரெண்டு, சொந்தக்காரங்க அறுபதாம் கல்யாணத்துல ஒண்ணு, ஒரு முதியோர் இல்லத்துல ஒண்ணு. நடத்தணும்னு நினைக்கறவங்களுக்கு உதவும்னுதான் எழுதறேன், ஆனா வெறும் டிப்ஸா எழுத வரல. இந்த ஆட்டம் எங்கிருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கிட்ட பிறகுதான் நான் எதைத் தப்பா பண்ணினேன்னே எனக்குப் புரிஞ்சுது, அதனால அங்கிருந்தே வர்றேன்.

நான் தூத்துக்குடிக்காரன். எங்க வீட்டு ரேடியோவுல மெட்ராஸை விட கொழும்பு தெளிவா கேக்கும். காரணம் வெறும் தூரம் மட்டும் இல்ல. ரெண்டாம் உலகப்போர் சமயத்துல மவுண்ட்பேட்டன் தலைமையில இருந்த தென்கிழக்காசிய படைப்பிரிவு, சிப்பாய்களுக்காக இலங்கையில ஒரு ரேடியோ நிலையம் நடத்துச்சு. போர் முடிஞ்சதும் அந்த பவர்ஃபுல் ட்ரான்ஸ்மிட்டர் இலங்கை கைக்கு வந்துச்சு. அதை வச்சு ரேடியோ சிலோன் 1950ல வர்த்தக சேவை ஆரம்பிச்சாங்க. இங்க இந்தியாவுல என்ன ஆச்சுன்னா, பி.வி. கேஸ்கர் மத்திய ஒலிபரப்பு அமைச்சரா இருந்தப்ப, 1952 வாக்குல, ஆல் இந்தியா ரேடியோவுல சினிமா பாட்டுக்கு கிட்டத்தட்ட கதவை சாத்திட்டாங்க. கர்நாடக சங்கீதமும் இந்துஸ்தானியும் கேட்டு ஜனங்க ரசனை வளரணும்னு அவர் நினைச்சார். ஜனங்க முள்ளைத் திருப்பி கொழும்புல வச்சுட்டாங்க. இந்தில அமீன் சயானி பினாகா கீத்மாலாங்கற சினிமா பாட்டு நிகழ்ச்சியை ஆரம்பிச்சதும் அதே 1952, அதே ரேடியோ சிலோன்ல இருந்துதான். 1957 அக்டோபர்ல விவித் பாரதி வந்துச்சு, ஆனா அதுக்குள்ள எங்க ஊர்ப்பக்கம் கொழும்பு அறிவிப்பாளர் மயில்வாகனம் குரல் வீட்டு மனுஷங்க குரல் மாதிரி ஆகிடுச்சு, அப்புறம் வந்த ராஜேஸ்வரி சண்முகம், கே.எஸ். ராஜா குரலும் அப்படித்தான். 1967ல ரேடியோ சிலோன் பேர் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம்னு மாறினப்புறமும் எங்க அப்பா கடைசி வரைக்கும் "சிலோன் வைடா"ன்னுதான் சொல்வார்.

இதை ஏன் இவ்வளவு சொல்றேன்னா, அந்தத் தலைமுறைக்கு பாட்டு ஒரு தடவை காத்துல வந்துட்டுப் போற பொருள். திரும்ப எப்ப வரும்னு தெரியாது. டேப் ரெக்கார்டர் வாங்க காசு கிடையாது. தியேட்டர் வாசல்ல விக்கற பாட்டுப் புத்தகத்துல வரி கிடைக்கும், மெட்டு கிடைக்காது. ரேடியோவுல மெட்டு கிடைக்கும், வரி பாதி காதுல விழாது. ரெண்டையும் மனசுக்குள்ள வச்சு தைச்சுக்கணும். எங்க அப்பா உப்பளத்துல கணக்கு எழுதறவர், அங்கிருந்து வந்த ஒரு பழைய லாங் சைஸ் நோட்டுல எழுத்து வாரியா பாட்டு எழுதி வச்சிருந்தார். அ ஒரு பக்கம், ஆ ஒரு பக்கம், க வுக்கு மட்டும் ஆறேழு பக்கம். கண்ணுன்னு ஆரம்பிக்கற பாட்டே தமிழ்ல அவ்வளவு இருக்கு. ஞ பக்கத்துல ரெண்டே பாட்டு, மிச்சமெல்லாம் வெறும் கோடு. அந்த நோட்டை பாதுகாத்தது அப்பா இல்ல, என் அத்தை, அப்பாவோட தங்கச்சி. அத்தைக்கு குரல் சுத்தமா வராது, கட்டையா, கொஞ்சம் உடைஞ்ச மாதிரி இருக்கும். ஆனா நோட்டு முழுசும் அவங்களுக்கு மனப்பாடம்.

பாட்டுக்குப் பாட்டுங்கற ஆட்டத்தை ரேடியோவுக்குக் கொண்டு வந்து பிரபலமாக்கினவர் பி.எச். அப்துல் ஹமீது. கொழும்புக்காரர், இலங்கை வானொலி அறிவிப்பாளர். அங்க வளர்ந்த நிகழ்ச்சிதான் பின்னாடி தமிழ்நாட்டுக்கு வந்து, தொண்ணூறுகள்ல சன் டிவில லலிதாவின் பாட்டுக்குப் பாட்டுன்னு வந்துச்சு. பார்த்தவங்களுக்கு இப்பவும் காதுல இருக்கும், "உங்கள் அன்பு அறிவிப்பாளர்"னு அவர் சொல்ற விதம், ல, ள, ழ மூணும் அவர் வாயில தனித்தனியா நிக்கறது, எழுத்தைச் சொல்லும்போதே குறிலா நெடிலான்னு சேர்த்துச் சொல்றது. பின்னாடி லைவ் ஆர்கெஸ்ட்ரா. பாடறவங்க எந்த ஸ்ருதில எடுத்தாலும் ரெண்டாவது வரிக்குள்ள வாசிக்கறவங்க பிடிச்சுடுவாங்க. அந்தக் காலத்துல சின்னப் பையனா இருந்திருந்தா எனக்கு இது புரிஞ்சிருக்காது, வேலைக்குப் போற வயசுல பார்த்ததால கவனிச்சேன், வர்றவங்க பாதிப்பேர் பாடகர்களே இல்ல. பேங்க்ல வேலை பாக்கறவங்க, டீச்சர், கடை வச்சிருக்கறவங்க. குரல் சுமாரா இருந்தாலும் எழுத்தைக் கேட்ட உடனே முகத்துல ஒரு வெளிச்சம் வரும் பாருங்க, வீட்ல உக்காந்து பார்த்த நாங்க அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தோம்.

அதே சன் டிவில ஏ.வி. ரமணன் நடத்தின சப்தஸ்வரங்களும் வந்துச்சு, அதுவும் எனக்குப் பிடிக்கும், ஆனா அது பாட்டுப் போட்டி. பாட்டுப் போட்டில குரல்தான் ராஜா. பாட்டுக்குப் பாட்டுல ஞாபகம்தான் ராஜா. இந்த வித்தியாசத்தை மறந்துட்டா நீங்க நடத்தறது என்ன பேர்ல இருந்தாலும் அது வேற ஒண்ணாயிடும். என் அத்தையை ஒரு தடவை ஒரு சேனலோட இசை விளையாட்டு நிகழ்ச்சிக்கு செலக்‌ஷனுக்குக் கூட்டிட்டுப் போனேன், எந்த சேனல்னு இப்ப வேண்டாம். காலைல எட்டு மணிக்குப் போய் ரெண்டு மணிக்கு உள்ள கூப்பிட்டாங்க. ஒரு எழுத்து கூட கேக்கல. ஏதாவது ஒரு பாட்டு பாடுங்கன்னாங்க, பாடினாங்க, ரெண்டு வரில நிறுத்தி வாய்ஸ் செட் ஆகலம்மான்னு சொல்லி அனுப்பிட்டாங்க. பஸ்ல திரும்பி வரும்போது அத்தை ஜன்னல் பக்கம் பார்த்துக்கிட்டே "அவங்க எழுத்தே கேக்கலையேடா"ன்னாங்க. அது ஒண்ணுதான் சொன்னாங்க.

சரி, நடத்தறதுக்கு வர்றேன்.

முதல்ல எழுத்து விஷயம். நிறைய பேர் அந்தாக்ஷரி மாதிரி பாட்டு எந்த எழுத்துல முடியுதோ அதுல அடுத்த ஆள் ஆரம்பிக்கணும்னு வைப்பாங்க. நானும் முதல் தடவை அப்படித்தான் வச்சேன். தமிழ்ல இது நாலாவது பாட்டுலயே நின்னுடும். ஏன்னு உக்காந்து நோட்டைப் புரட்டினப்பதான் தெரிஞ்சுது. நம்ம பாட்டு வரி எதுல முடியுது பாருங்க. இரவு, நிலவு, உறவு, கனவு, எல்லாம் வு. வு ல ஆரம்பிக்கற தமிழ் வார்த்தை எங்க இருக்கு? தொல்காப்பியத்துலயே வ வோட உ, ஊ, ஒ, ஓ சேர்ந்து சொல்லுக்கு முதல்ல வராதுன்னு இருக்கு. அப்புறம் மனசுல, கண்ணுல, நெஞ்சிலேன்னு ல, லே. வாடி போடின்னு டி. அவளே, நாளேன்னு ளே. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன எட்டும் தமிழ்ச் சொல்லுக்கு முதல்ல வராது, ர வும் ல வும் மட்டும் ராஜா, ராணி, லட்சுமின்னு வடசொல் புண்ணியத்துல கொஞ்சம் தப்பிக்கும். புள்ளி எழுத்துல முடிஞ்சா இன்னும் சிக்கல், ம் ல முடிஞ்சா ம வா மா வா மு வா?

இந்தில இந்தப் பிரச்சனை இவ்வளவு இல்ல. அவங்க கடைசி மெய்யை மட்டும் எடுத்துப்பாங்க, ஹை ன்னு முடிஞ்சா ஹ வரிசைல எது வேணா பாடலாம். அதனாலதான் ஜீ டிவில 1993ல கஜேந்திர சிங் டைரக்‌ஷன்ல அன்னு கபூர் நடத்தின அந்தாக்ஷரி, தீவானே, பர்வானே, மஸ்தானேன்னு மூணு டீமை வச்சுக்கிட்டு அப்படி ஓடுச்சு. அந்த மாதிரியை அப்படியே தூக்கிட்டு வந்து தமிழ்ல வச்சா பொருந்தாது. இத்தனைக்கும் முடிவுல ஆரம்பிக்கறது நமக்குப் புதுசு இல்ல, அந்தாதின்னு காரைக்கால் அம்மையார் காலத்துல இருந்தே இருக்கு. அத்தை தினம் சொல்ற அபிராமி அந்தாதில ஒரு பாட்டோட கடைசி வார்த்தை அடுத்த பாட்டுக்கு முதல் வார்த்தை. ஆனா அந்தாதி எழுதினவங்க அடுத்த பாட்டை மனசுல வச்சுக்கிட்டு வரியை முடிச்சாங்க. சினிமா பாட்டு எழுதினவங்களுக்கு அந்த வேலை இல்ல.

அதனால எழுத்தை நடத்தறவர் குடுக்கணும், பாட்டு குடுக்கக் கூடாது. நான் சீட்டு போட்டேன். ஒரு சம்படத்துல எண்பது சீட்டு, ஒவ்வொண்ணுலயும் எழுத்து, கீழ குறில் இல்லன்னா நெடில்னு பெருசா மார்க்கர்ல. எ ஏ, ஒ ஓ, இது ரெண்டு ஜோடியும் சத்தத்துல மாறிப் போகும், மைக் செட்டு சரியில்லன்னா சுத்தமா கேக்காது, அதனால சீட்டைத் தூக்கிக் காட்டணும். ஒவ்வொரு எழுத்துக்கும் எனக்கே குறைஞ்சது மூணு பாட்டு தெரிஞ்சாத்தான் சீட்டை உள்ள போடுவேன், ஞா வுக்கு மட்டும் விதிவிலக்கு குடுத்து ஒரு சீட்டு போட்டேன், அதுக்குக் காரணம் அப்பாவோட நோட்டு. ச வும் ஸ வும் ஒண்ணு, ஜ தனி, ஹ வுக்கு அ செல்லாது. இதுல எது சரி எது தப்புங்கறது இல்ல, ஆட்டத்துக்கு முன்னாடி சொல்லிட்டீங்களாங்கறதுதான்.

தொகையறாவுக்கு இப்ப என்னோட ரூல் இது: அர்த்தம் உள்ள முதல் வார்த்தை எதுவோ அதுவும் செல்லும், பல்லவியோட முதல் வார்த்தையும் செல்லும். ஆலாபனை, ஹம்மிங், லாலா, ஓஹோ, ஹே எதுவும் எழுத்து ஆகாது. சரணத்துல இருந்து எடுக்கக் கூடாது. பாடறவர் தொகையறா எடுத்தா பல்லவி வரைக்கும் பாடிக் காட்டணும், ஏன்னா சில பேர் சும்மா ஒரு வரியை நீட்டிட்டு தொகையறான்னு சொல்லிடுவாங்க. இதை ஒரு ஏ4 தாள்ல பெருசா எழுதி டேபிள் முன்னாடி ஒட்டிடுவேன். அந்த வாத்தியார் வீட்டுக்கு மறு வருஷம் இந்தத் தாளை எடுத்துட்டு நேர்ல போனேன். படிச்சுப் பார்த்துட்டு "விருத்தத்தை விட்டுட்டீங்களே"ன்னார். விருத்தமும் தாளம் இல்லாம ராகத்துல பாடற செய்யுள்தானே, சேர்த்துக்கிட்டேன். அந்த வருஷம் அவர்தான் ஜட்ஜ்.

அடுத்து டைம். பத்து செகண்ட் குடுக்கறோம், சத்தமா ஒண்ணு ரெண்டுன்னு எண்ணாதீங்க. எண்ணினா கேக்கறவங்களுக்குப் பரபரப்பா இருக்கும், ஆனா யோசிக்கற ஆளுக்கு அந்த எண்ணற தாளம் மனசுல இருக்கற பாட்டோட தாளத்தை அடிச்சு விரட்டிடும். விரல்ல காட்டுங்க போதும். இன்னொண்ணு, முனகறதுக்கு அனுமதி குடுங்க. இது நான் முதியோர் இல்லத்துல கத்துக்கிட்டது. நிறைய பேருக்கு முதல்ல மெட்டுதான் வருது, வார்த்தை பின்னாடி வருது. உதட்டை மூடி "ம்ம்ம்"னு ஒரு ஓட்டம் ஓடினாங்கன்னா அதோட நூலைப் பிடிச்சு வார்த்தை வந்துடும். முதல்ல நான் "முனகல் செல்லாது, வார்த்தை சொல்லுங்க"ன்னு அவசரப்படுத்தினேன், ஒரு பாட்டிக்கு வந்துக்கிட்டு இருந்த பாட்டு அப்படியே போயிடுச்சு. இப்ப பத்து செகண்டுக்குள்ள முனகல் ஆரம்பிச்சா இன்னொரு பத்து செகண்ட் தானா சேரும்.

மியூசிக் ரவுண்டு. இசையை மட்டும் போட்டு என்ன பாட்டுன்னு கண்டுபிடிக்கறது. ஜீ டிவி அந்தாக்ஷரில துன் ரவுண்டுன்னு இதுதான் வரும். உலக டிவில இதுக்குன்னே ஒரு தாத்தா நிகழ்ச்சி இருக்கு, அமெரிக்காவுல நேம் தட் ட்யூன், 1952ல ரேடியோவுல ஆரம்பிச்சு மறு வருஷமே டிவிக்கு வந்துச்சு. ஆர்கெஸ்ட்ரா வாசிக்கும், ரெண்டு பேர் நிப்பாங்க, மெட்டு தெரிஞ்ச உடனே மேடை குறுக்கால ஓடிப்போய் தொங்கற மணியை அடிக்கணும். ஓடினவங்கள்ல ஒருத்தர் ஜான் க்ளென், 1957ல அமெரிக்க மரைன் படை மேஜரா, பைலட்டா வந்து, எட்டி ஹாட்ஜஸ்னு பத்து வயசுப் பையனோட சேர்ந்து விளையாடி 25,000 டாலரை ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கிட்டாங்க, அஞ்சு வருஷம் கழிச்சு அதே ஆள் பூமியைச் சுத்தி வந்தார். பின்னாடி எழுபதுகள்ல அதே நிகழ்ச்சில இன்னொரு ரவுண்டு, எத்தனை ஸ்வரத்துல கண்டுபிடிப்பேன்னு ஏலம் கேக்கறது, நான் அஞ்சுல சொல்றேன், நான் நாலுல சொல்றேன்னு இறங்கிக்கிட்டே வருவாங்க. இந்த ஏல ரவுண்டை எங்க அப்பார்ட்மென்ட்ல வச்சுப் பார்த்தேன், பிரமாதமா போச்சு, ஆனா கீபோர்டு வாசிக்கற ஆள் இருந்தாத்தான் முடியும்.

கீபோர்டு ஆளுக்கு செலவு பண்ணுங்கன்னு கெஞ்சிக் கேட்டுக்கறேன். முதல் தடவை போன்ல பாட்டை வெட்டி வச்சுக்கிட்டு ப்ளூடூத் ஸ்பீக்கர்ல போட்டேன். அந்த ஸ்பீக்கர் கொஞ்ச நேரம் சும்மா இருந்தா தூங்கிடுது, ப்ளே அமுக்கினா முழிச்சுக்கறதுக்குள்ள முதல் அரை செகண்டு முழுங்கிடுது. பாட்டோட அடையாளமே அந்த முதல் கிடார் மீட்டல்லயோ புல்லாங்குழல் எடுப்புலயோதான் இருக்கும், அதுவே போச்சுன்னா என்ன கண்டுபிடிக்கறது. வயர் போட்டு நேரா மிக்ஸர்ல குடுங்க, இல்லன்னா ஒவ்வொரு க்ளிப்புக்கு முன்னாடியும் ரெண்டு செகண்டு சத்தமில்லாத இடம் விட்டு வெட்டுங்க. கீபோர்டு ஆள் இருந்தா இந்தத் தொல்லையே இல்ல, அதோட பெரிய லாபம், எழுத்து ரவுண்டுல பாடறவங்க கூடவே வாசிப்பார். எங்களுக்கு வந்த பையன் கல்யாண கச்சேரில வாசிக்கறவன், வயசானவங்க ஒண்ணரை கட்டைல எடுத்தாலும் நாலு கட்டைல எடுத்தாலும் முதல் வரியைக் கேட்டுட்டு ட்ரான்ஸ்போஸ் பட்டனைத் தட்டிட்டு உள்ள வந்துடுவான். பின்னாடி இசை சேர்ந்த உடனே பாடறவங்க முதுகு நிமிர்றதைப் பார்க்கணும். கரோக்கி ட்ராக் போட்டா அது ஒரே ஸ்ருதில நிக்கும், மனுஷங்க அதுக்குப் பின்னாடி ஓடணும்.

கேள்வியை யார்கிட்டயும் காட்டாதீங்க. சின்ன விழாதானேன்னு நினைக்கத் தோணும். ரெண்டாவது தடவை, விழாக் கமிட்டில ஒருத்தர் "லிஸ்டை முன்னாடியே அனுப்புங்க, ஆட்சேபனை இருந்தா பார்த்துச் சொல்றோம்"னார், அனுப்பினேன், அன்னைக்கு ஒரு டீம் ஏழுல ஏழு. யாரையும் குற்றம் சொல்ல ஆதாரம் இல்ல, ஆனா மத்த டீம் குழந்தைங்க முகத்தைப் பார்க்க முடியல. அமெரிக்காவுல 1950கள்ல டிவி க்விஸ் நிகழ்ச்சிகள் பலதுல போட்டியாளர்களுக்கு விடையை முன்கூட்டியே குடுத்தது வெளில வந்து, விசாரணை நாடாளுமன்றம் வரைக்கும் போய், 1959ல சார்ல்ஸ் வான் டோரன்னு நாடே கொண்டாடின ஆள் ஆமான்னு ஒத்துக்கிட்டார். ஜனங்க ஆட்டத்தை நம்பித்தான் உக்காந்து பார்க்கறாங்க, அது போச்சுன்னா பரிசு எவ்வளவு பெருசா இருந்தாலும் பிரயோஜனம் இல்ல. இப்ப சீட்டை எல்லார் முன்னாடியும் ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்றேன்.

டீம் பிரிக்கும்போது வயசைக் கலந்துடுங்க, அறுபதைத் தாண்டினவர் ஒருத்தர், இருபதுக்குக் கீழ ஒருத்தர் கட்டாயம். மணியடிக்கற ரவுண்டு வச்சா சின்னப் பசங்கதான் ஓடுவாங்க, அதனால அந்த ரவுண்டுல பசங்க மணியடிக்கணும், பதில் பெரியவங்க சொல்லணும்னு வச்சேன். காதுல கிசுகிசுன்னு பேசிக்கறதும், தாத்தா சொன்ன உடனே பேத்தி பாய்ஞ்சு ஓடறதும், அதுக்கே கைதட்டல்.

குரலைப் பத்தி மேடைல ஒரு வார்த்தை கூடாது. நல்லா பாடினாலும் "என்ன குரல்"னு சொல்லாதீங்க, ஏன்னா அடுத்து வர்ற சுமாரான குரல்காரர் அங்கயே பாதி சுருங்கிடுவார். பாட்டு எந்தப் படம், யார் இசை, யார் எழுதினதுன்னு ரெண்டு வார்த்தை சொல்லுங்க. அப்துல் ஹமீது நடத்தினதைப் பார்த்துப் பார்த்து நான் எடுத்துக்கிட்டது இதுதான், பாட்டை மரியாதையா பேசினா பாடினவருக்கும் அந்த மரியாதை போய்ச் சேரும்.

போன பொங்கலுக்கு அத்தையை ஊர்ல இருந்து கூட்டிட்டு வந்தேன். வயசு எழுபத்தி நாலு. "நான் எதுக்குடா, அன்னைக்குத்தான் சொல்லிட்டாங்கல்ல"ன்னாங்க. இருபது வருஷம் ஆகியும் அதை மறக்கல. டி பிளாக் டீம்ல ஒரு காலேஜ் பொண்ணு பக்கத்துல உக்கார வச்சேன். நாலாவது சுத்துல அவங்க முறை வந்தப்ப, சீட்டெடுத்த குழந்தை தூக்கிக் காட்டினது ஞா, நெடில். பார்க்கிங் முழுக்க "ஐயோ"ன்னு ஒரு சத்தம். அத்தை என்னைப் பார்க்கல, கீழ பார்த்தாங்க. நான் விரல்ல மூணு, நாலுன்னு காட்டறேன். அப்பாவோட நோட்டுல இருந்த ரெண்டுல ஒண்ணைப் பாடிடுவாங்கன்னுதான் நினைச்சேன். ஏழாவது விரல்ல உதட்டை மூடிக்கிட்டு முனக ஆரம்பிச்சாங்க. எனக்கு அந்த மெட்டு பிடிபடல. கீபோர்டு பையன் தலையை சாய்ச்சுக் கேட்டான், மெதுவா ஒரு கட்டையை அமுக்கினான், அதைக் கேட்டதும் அத்தை நிமிர்ந்து, அந்த உடைஞ்ச குரல்ல, பல்லவி முழுசும், அனுபல்லவி முழுசும் பாடினாங்க. நோட்டுல இல்லாத பாட்டு. வாத்தியார் ஜட்ஜ் சீட்ல இருந்து எழுந்து நின்னு படம் பேர் சொன்னார்.

ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் அத்தை பையில இருந்து நோட்டை எடுத்தாங்க. ஊர்ல இருந்து கொண்டு வந்திருக்காங்க, என்கிட்ட சொல்லல. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு என் பொண்ணுகிட்ட பென்சில் வாங்கினாங்க. ஞ பக்கத்துல அப்பா கையெழுத்துல இங்க்ல ரெண்டு வரி, அதுக்குக் கீழ வெறுமையா இருந்த கோட்டுல மூணாவது வரி எழுதி, பக்கத்துல தேதியும் போட்டாங்க.